அக்டோபரில் விக்டோரியா அருவி: ரத்து செய்ய வேண்டாம், பாலத்தைத் தாண்டிப் போங்கள்

கேள்வி: அக்டோபர் கடைசியில் விக்டோரியா அருவிக்குப் போகிறோம், ஜாம்பியா பக்கம் லிவிங்ஸ்டனில் அறையும் போட்டாச்சு. இப்போது தேடினால் வெறும் பாறைப் படங்களாக வருகின்றன. ரத்து செய்துவிடலாமா? அம்மாவும் பத்து வயதுப் பையனும் கூட வருகிறார்கள்.

ரத்து செய்யாதீர்கள். அந்தப் படங்கள் பொய்யில்லை, ஆனால் பெரும்பாலும் ஜாம்பியா பக்கத்துக் கிழக்கு ஓரத்தில் எடுத்தவையாக இருக்கும். அருவியின் அகலம் சுமார் 1,700 மீட்டர், அதன் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இல்லை, கிழக்கே கொஞ்சம் மேடு, மேற்கே தாழ்வு. ஆற்றில் தண்ணீர் இறங்கும்போது மேட்டுப் பக்கம்தான் முதலில் காயும், போதாக்குறைக்கு ஜாம்பியாவின் நீர்மின் நிலையமும் அருவிக்கு மேலேயே ஒரு பங்கைத் திருப்பிக்கொள்கிறது. எதிர்ப்பக்கம் ஜிம்பாப்வேயில் டெவில்ஸ் கேட்டராக்ட், மெயின் ஃபால்ஸ் என்ற அருவிப் பகுதிகள் அக்டோபர், நவம்பரிலும் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

எனவே அறை அங்கேயே இருக்கட்டும், ஒரு நாள் மட்டும் எல்லை தாண்டிப் போய்வாருங்கள். 1905-இல் கட்டிய பாலம் இருக்கிறது, நடந்தே போகலாம், டாக்ஸியும் உண்டு. விசாவில்தான் கவனம் வேண்டும்: ஒருமுறை மட்டும் நுழையும் ஜாம்பியா விசா வைத்திருந்தால் திரும்பி வரும்போது இன்னொன்று எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து காஸா யுனிவிசா என்று ஒன்று இருக்கிறது, 50 டாலர், 30 நாள். உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் கிடைக்குமா என்று டிக்கெட் எடுத்த கையோடு பார்த்துவிடுங்கள்.

தேதியை நவம்பருக்குத் தள்ளிப் பயனில்லை. அங்கே நவம்பரில் மழை பிடித்தாலும் ஆறு உடனே ஏறாது. அருவியாக விழும் ஜாம்பேசி ஆற்றுக்கு வரும் தண்ணீர் மேலே அங்கோலாவிலும் ஜாம்பியாவின் வடமேற்கிலும் பெய்து, பரோட்ஸே சமவெளியில் பரந்து நின்று, நிதானமாக வடிந்து வரவேண்டும், அதனால்தான் மழை ஓய்ந்த பிறகு ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் உச்சத்தில் இருக்கிறது. உங்கள் சமயத்தில் அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஓடும்.

ஆனால் உச்ச வெள்ளம்தான் சிறந்தது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏப்ரலில் ஜாம்பியா பக்கம் அருவிக்கு எதிரே இருக்கும் நைஃப் எட்ஜ் நடைபாலத்தில் நின்றால் தொப்பலாக நனைவீர்கள், ஓசை காதை அடைக்கும், கண்ணுக்குத் தெரிவது என்னவோ வெள்ளைப் புகைதான். அக்டோபரில் நூறு மீட்டர் கருங்கற்சுவர் முழுசாகத் தெரியும், அதன் வெடிப்புகள், இடையிடையே தனித்தனியாக இறங்கும் நீர்க்கற்றைகள், கீழே பிளவுக்குள் ஓடும் ஆறு எல்லாம் தெரியும். நிலவொளி வானவில் மட்டும் கிடைக்காது, அதற்கு நிறைய சாரல் வேண்டும்.

அருவி விளிம்பிலேயே குளிக்கும் டெவில்ஸ் பூல் இந்தச் சமயத்தில்தான் திறந்திருக்கும், ஏறக்குறைய ஆகஸ்ட் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை. லிவிங்ஸ்டன் தீவுக்குப் படகில் கூட்டிப்போய், அங்கிருந்து வழிகாட்டியோடு நீந்த வைப்பார்கள். நீச்சல் தெரிந்தால் நீங்கள் போங்கள், முன்பதிவு கட்டாயம். பையனுக்கு இப்போது வேண்டாம், அம்மாவுக்குச் சொல்லவே வேண்டாம், சொன்னால் உங்களையும் விடமாட்டார்கள். கீழே பள்ளத்தாக்கில் ராஃப்டிங் எனும் ரப்பர் படகுச் சவாரியும் தண்ணீர் குறைந்த இந்த மாதங்களில்தான் களைகட்டும், அதுவும் பத்து வயதுப் பையனுக்கு இல்லை.

அப்புறம் வெயில். அந்த ஊரில் ஆண்டிலேயே கொடுமையான மாதம் அக்டோபர், மதியம் 35 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணம். பூங்கா திறந்ததும் உள்ளே போய், பத்து மணிக்குள் பார்த்து முடியுங்கள். அருவிக்குக் கீழே ஆறு சுழன்று கொந்தளிக்கும் பாய்லிங் பாட் வரை இறங்கும் பாதை அருமையானது, ஆனால் ஏறி வருவது செங்குத்து, அம்மாவை மேலேயே நிழலில் உட்கார வையுங்கள். கையில் தின்பண்டப் பை மட்டும் கொடுக்காதீர்கள், பபூன் குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மலேரியா உள்ள பகுதி, மாத்திரை பற்றிக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் போட்ஸ்வானாவின் சோபே பூங்காவுக்குப் போய்வந்துவிடுங்கள். காட்டுக்குள் குட்டைகள் வற்றிவிடுவதால் யானைகள் கூட்டம் கூட்டமாக ஆற்றங்கரைக்கு இறங்கிவரும், பையனுக்கு அருவியைவிட அதுதான் பிடிக்கும்.