மதிப்புரைக்கு அனுப்பிய புத்தகம் என்ன ஆனது?

கேள்வி: என் சிறுகதைத் தொகுப்பை நானே அச்சிட்டு வெளியிட்டேன். கையோடு நான்கு பத்திரிகைகளுக்கு மதிப்புரைக்கு அனுப்பினேன். ஆறு மாதமாகியும் பதிலே இல்லை. பதிப்பகம் இல்லாத புத்தகம் என்றாலே ஒதுக்கிவிடுகிறார்களா? ஓரிடத்தில் கட்டணம் செலுத்தினால் எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: சில பத்திரிகைகள் சொந்தப் பதிப்புகளை எடுப்பதில்லை என்று விதியாகவே வைத்திருக்கின்றன, அங்கெல்லாம் அனுப்புவது வீண். மற்ற இடங்களில் பெரும்பாலும் இடமும் நேரமும்தான் தகராறு. இதழில் மதிப்புரைக்கு ஒதுக்குவது இரண்டு மூன்று பக்கம், மேசையில் கிடப்பதோ அடுக்கடுக்காகப் புத்தகங்கள். உங்கள் பொட்டலத்தைப் பிரிக்கிற உதவி ஆசிரியர் அட்டையைப் பார்ப்பார், பின்னட்டையைப் படிப்பார், வெளியான ஆண்டைப் பார்ப்பார், அப்புறம் முதல் பக்கம். அங்கேயே இரண்டு எழுத்துப்பிழை இருந்தால் புத்தகம் ஒதுக்கி வைக்கும் அடுக்குக்குப் போய்விடும். அதனால் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் மெய்ப்புத் திருத்துவதில் மட்டும் பிடிக்காதீர்கள்.

கூடவே வைக்கும் கடிதமும் முக்கியம். "வாசகர் நெஞ்சை உருக்கும் அரிய படைப்பு" என்று நீங்களே எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். "இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களைப் பற்றிய 12 கதைகள், 160 பக்கம், என் முதல் தொகுப்பு" என்று எழுதிப் பாருங்கள், ஆசிரியருக்கு இதை யாரிடம் கொடுக்கலாம் என்று உடனே ஒரு பெயர் தோன்றும். அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டி, உங்கள் மாதிரிக் கதைகளைப் பற்றி அங்கே யார் எழுதுகிறார் என்று பார்த்து அவர் பெயரைக் கடிதத்தில் குறிப்பிடுவது இன்னும் நல்லது. விலை, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், கிடைக்கும் இடம், உங்கள் மின்னஞ்சல் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும்.

அடுத்தது நேரம். வெளியான பிறகு அனுப்பியதில்தான் நீங்கள் நிறைய இழந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1872 முதல் வரும் அமெரிக்க இதழான பப்ளிஷர்ஸ் வீக்லி வெளியீட்டுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே பிரதியைக் கேட்கிறது. எல்லோரும் அவ்வளவு கறார் இல்லை, ஆனாலும் புதுப் புத்தகத்துக்குத்தான் எங்கேயும் முன்னுரிமை. அடுத்த புத்தகத்துக்கு அட்டை முடிவானதுமே சில பிரதிகளை மட்டும் முதலில் அச்சடித்து அனுப்பிவிடுங்கள், தேவைக்கேற்ப அச்சிடும் வசதி இருப்பதால் இது இப்போது சுலபம். பிடிஎஃப் போதுமா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பி ஆறேழு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும், தொலைபேசியில் துரத்த வேண்டாம்.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். காசு வாங்கி எழுதுவதெல்லாம் மோசடி இல்லை. 1933இல் தொடங்கிய அமெரிக்க மதிப்புரை இதழான கிர்கஸ், சொந்தப் பதிப்பாளர்களுக்குக் கட்டண மதிப்புரை எழுதுகிறது. பாராட்டுவோம் என்று அங்கே உத்தரவாதம் கிடையாது, பிடிக்காவிட்டால் வெளியிட வேண்டாம் என்று எழுத்தாளர் சொல்லிவிடலாம். உங்களிடம் பேசியவர்கள் நல்லபடியாகவே எழுதித் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் கட்டாதீர்கள், அது விளம்பரம், அதை மதிப்புரை என்று காட்டுவது வாசகரை ஏமாற்றுவது. நண்பரை எழுதச் சொல்லி அனுப்புவதும் அதே வகைதான், அவர் நண்பர் என்பதை ஆசிரியரிடம் சொல்லாதவரை.

ஆறு மாதமான இந்தத் தொகுப்பை அதே நான்கு பேருக்கு மறுபடி அனுப்ப வேண்டாம். சிறுகதைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதும் இணைய இதழ்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் கொடுங்கள். அங்கே வெளியான தேதியை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.