பழைய கம்ப்யூட்டர், கொஞ்சம் காசு: ரங்கூன் கேள்வி பதில்

வீட்டுக் கம்ப்யூட்டரை அதிகச் செலவில்லாமல் இன்னும் சில வருஷம் ஓட்டுவது எப்படி என்று வந்த கேள்விகள் இவை. விலையை கியாட்டில் எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த வாரம் பொய்யாகிவிடும். எது முதலில், எது பிறகு, எதற்குக் காசே கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

2012-ல் வாங்கிய டெஸ்க்டாப், கோர் ஐ3, ராம் 4 ஜிபி. ஆன் செய்துவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. கடையில் பிராசஸரை மாற்றச் சொல்கிறார்கள். பையன் படிப்புக்கும், சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசவும்தான் வேண்டும். (திங்கன்ஜூனிலிருந்து ஒரு அம்மா)

பிராசஸரைத் தொடாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்லும் வேலைக்கு அந்த ஐ3 போதும். இழுத்தடிப்பது ஹார்ட் டிஸ்க்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, பிராசஸர் 20, 30-ல் சும்மா இருந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் படிக்கும் முனை நகர்ந்து, தட்டு சுற்றி அந்த இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லி செகண்ட் போகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் மாட்டும் எஸ்.எஸ்.டி. என்ற சில்லு டிஸ்க்கில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. அதே வேலை அதில் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குதான்.

ஆகவே 2.5 இஞ்ச் சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் முறை) எஸ்.எஸ்.டி. ஒன்று, 240 அல்லது 256 ஜிபி. அதற்கு மேல் வேண்டாம். எம்.2 என்று சூயிங்கம் அளவில் ஒன்றைக் காட்டுவார்கள், அந்தக் காலத்து மதர்போர்டில் அதற்கு இடம் இருக்காது. போர்டில் பழைய சாட்டா 2 தான் இருக்கிறது, எஸ்.எஸ்.டி.யின் முழு வேகம் வராது என்று யாராவது சொன்னால், உண்மைதான், ஆனால் கவலைப்பட வேண்டாம். குறைவது பெரிய கோப்பை நகலெடுக்கும் வேகம். நமக்கு வேண்டியது சின்னக் கோப்புகளை எடுக்கும் வேகம், அது கிடைத்துவிடும். பெட்டிக்குள் அதை மாட்டத் தனியாக ஒரு பிராக்கெட் வேண்டும் என்று கடையில் சொன்னால் வாங்காதீர்கள். எடை கிடையாது, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போதும்.

வேலை தொடங்கும் முன் போட்டோக்களை வேறொரு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள், உங்கள் குடும்பமே அதற்குள் இருக்கிறது. விண்டோஸைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். அப்படியே நகலெடுத்தால் பத்து வருஷக் குப்பையும் கூடவே வந்துவிடும்.

ராம் வாங்கினேன், உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. அழுத்தலாமா அண்ணே? (பெகு)

அழுத்தாதே தம்பி! நீ வாங்கியது டிடிஆர்4 என்ற புது வகை ராமாக இருக்கும், உன் போர்டு அதற்கு முந்திய டிடிஆர்3. நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறி இருக்கும், அழுத்தினால் உடைவது போர்டுதான். லேப்டாப் ராம் குட்டையானது, டெஸ்க்டாப் ராம் நீளமானது, அதையும் பார்த்துக்கொள். இருக்கிற ராமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், இதே மாதிரி இன்னொன்று என்று கேட்பதுதான் நல்லது. டிடிஆர்3 செகண்ட் ஹேண்டிலேயே நிறையக் கிடைக்கும். ராம் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற சாமான் இல்லை, பழையது வாங்கத் தயங்காதே. மாட்டிய பிறகு ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை புரோகிராமை ஓடவிட்டுப் பார்.

இன்னொன்று. உன் விண்டோஸ் 32 பிட் என்றால் 8 ஜிபி போட்டாலும் 4-க்கு மேல் கணக்கில் வராது. முதலில் அதைப் பார். 4 ஜிபி இருப்பதை 8 ஆக்கினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வீட்டு வேலைக்கு 16 வீண்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, 11 இந்த மெஷினில் ஏறாது, தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். உண்மையா? (மோல்மேன், ஓய்வுபெற்ற ஒருவர்)

முதல் பாதி உண்மை ஐயா. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவுசெய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸர் அல்லது அதற்கு மேல். அந்த எட்டாம் தலைமுறையே 2017-ல்தான் வந்தது, ஆகவே பெரும்பாலான வீட்டு மெஷின்கள் வெளியே நிற்கின்றன. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், ஏற்றவும் முடியும். அடுத்த பெரிய அப்டேட்டில் நின்றுபோனால் கேட்க ஆளில்லை. கோர் 2 டுவோ காலத்து பிராசஸர் என்றால் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது.

தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதில் போட லினக்ஸ் மிண்ட் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். அதில் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற பதிப்பை எடுங்கள், 2 ஜிபி ராமில் ஓடும், 4 இருந்தால் சுகமாக ஓடும். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. கீழே இடதுபக்கம் மெனு, அதில் பிரவுசர், எழுத லிப்ரே ஆபிஸ், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். டவுன்லோட் கிட்டத்தட்ட 3 ஜிபி, போன் டேட்டாவில் இறக்கினால் காசு கரையும், வைபை உள்ள வீட்டில் யாரையாவது பிடியுங்கள். பென்டிரைவில் போட்டு, டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைபை, சத்தம், கேமரா, பிரிண்டர் நான்கும் வேலை செய்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பிரிண்டர்தான் தகராறு பண்ணும். பல வீடுகளில் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் லேசில் உட்காராது. அது இல்லாமல் முடியாது என்றால் நீட்டிப்பைப் பதிவுசெய்துகொண்டு விண்டோஸ் 10-லேயே இருங்கள்.

எதைச் செய்தாலும், திருட்டு விண்டோஸுக்கு ஆக்டிவேட்டர் என்று ஒன்றைப் போட்டு, அது கேட்கிறது என்று ஆன்டிவைரஸை அணைத்து வைக்காதீர்கள். பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற மெஷின் அது.

சிரியத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. கையில் இருக்கிற காசுக்கு எஸ்.எஸ்.டி. வாங்குவதா, யுபிஎஸ் வாங்குவதா?

நம் ஊரில் யுபிஎஸ்தான் முதல். வெளிநாட்டு வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குக் கரண்ட் போவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்.எஸ்.டி.யானாலும் ஹார்ட் டிஸ்க்கானாலும் கோப்பு கெடும். போவதைவிடத் திரும்பி வருவது மோசம். வருகிற வேகத்தில் வோல்டேஜ் எகிறி பவர் சப்ளையைத் தின்றுவிடும். கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுகிற வழக்கம் இருந்தால் அதுவே பாதி யுபிஎஸ், செலவும் இல்லை.

650 விஏ சின்ன யுபிஎஸ் போதும். அது வேலை பார்க்க அல்ல, சேமித்து ஒழுங்காக அணைக்க. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி ஒன்று. 100 வாட் இழுக்கும் மெஷினுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் நம்பலாம், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்வரை. லேசர் பிரிண்டரை அதில் சொருகாதீர்கள். யாராவது "யுபிஎஸ் செத்துவிட்டது" என்று மூலையில் போட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் செத்தது பேட்டரி மட்டும்தான்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய டெஸ்க்டாப் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் வாங்கலாம். 100 வோல்ட் மட்டும் என்றால் நம் 230-ல் சொருகிய நிமிஷமே புகை. சிலதில் சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும், அது 230 பக்கம் தள்ளியிருக்க வேண்டும். லேப்டாப்புக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை, அதன் அடாப்டர் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளும். கீபோர்டில் ஜப்பானிய எழுத்து இருக்கும், அது பழகிவிடும்.

எந்த சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று வருகிறது. வைரஸா?

கீழே தேதியைப் பாருங்கள். பல வருஷம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்த சைட்டையும் நம்பாது. போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு போடலாமா? (தட்டோன், கல்லூரி மாணவர்)

வேண்டாம் தம்பி. யூடியூப் இப்போது வீடியோவை விபி9, ஏவி1 என்ற புது வடிவங்களில் அனுப்புகிறது. பழைய சில்லுக்கு அதைப் பிரிக்கத் தெரியாததால் பிராசஸரே முழுவதையும் சுமக்கிறது. பிரவுசரில் எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போடு. பழைய சில்லுக்குத் தெரிந்த வடிவத்திலேயே யூடியூப் அனுப்பும். 720-க்கு மேல் வைக்காதே. அப்படியும் திக்கினால் பெட்டியைத் திறந்து பார். காற்றாடியில் தூசி, அதற்குள் கரப்பான் பூச்சி, சில வீடுகளில் பல்லி முட்டை. சூடு ஏறினால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி தட்டி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தாலே சில மெஷின்கள் சரியாகிவிடுகின்றன.

பேஸ்புக்கில் 2 டிபி பென்டிரைவ் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குப் போடுகிறார்கள். போட்டோக்களை அதில் வைக்கலாமா?

வைத்தால் போட்டோக்களுக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள். உள்ளே 32 அல்லது 64 ஜிபி இருக்கும், 2 டிபி என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நிரம்பிய பிறகு போடுவதெல்லாம் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இவற்றால் சோதித்துப் பார்க்கலாம். பெயர் தெரியாத எஸ்.எஸ்.டி.க்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

கோயில் சங்கத்துக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பழைய மெஷினில் இருக்கின்றன. புது விண்டோஸ் போட்டால் தமிழும் பர்மியும் கிறுக்கலாகத் தெரிகின்றன. (சங்கக் காரியதரிசி, ரங்கூன்)

பயப்படாதீர்கள், எழுத்துகள் அழியவில்லை. நம் நாடு 2019 அக்டோபரில் யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு மாறியது. அதற்கு முன் அடித்த பர்மியக் கோப்புகள் பெரும்பாலும் ஸாஜி என்ற பழைய முறையில் இருக்கும். தமிழும் அப்படித்தான், பழையவை பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரியும்.

பழைய டிஸ்க்கை அழிக்கும் முன் அதில் இருக்கும் எழுத்துரு கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் போல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். இதைச் செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு நிதானமாக மாற்றிகளில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். ஸாஜிக்கும் பாமினிக்கும் இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. ஒரே எக்செல் பக்கத்தில் ஒரு வரி தமிழும் ஒரு வரி பர்மியுமாக இருந்தால், மாற்றும் முன் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடுங்கள். மொத்தமாகப் போட்டால் இரண்டும் குழம்பும், எண்கள் உள்பட. மாற்றியதைப் பழைய அச்சுப் பிரதியோடு ஒருவர் உட்கார்ந்து ஒத்துப் பார்க்கட்டும். சங்கப் பெரியவர்களின் பெயர் தப்பாக வந்தால் அடுத்த கூட்டத்தில் யாருக்குப் பதில் சொல்வது!

எங்களிடம் இருப்பது கோர் 2 டுவோ, டிடிஆர்2 ராம். அதற்கும் ஏதாவது செய்யலாமா அண்ணே?

செய்யலாம், ஆனால் காசு போடாதீர்கள். இருக்கிற ராமோடு மிண்ட் போட்டுப் பாருங்கள், எழுத்து வேலைக்கு ஆகும். டிடிஆர்2 பழசாகிப் போன சரக்கு. எஸ்.எஸ்.டி. மட்டும் வேண்டுமானால் வாங்கலாம், நாளை வேறு மெஷினுக்குக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

என் கணக்கு இது: எஸ்.எஸ்.டி., ராம், பவர் சப்ளை எல்லாம் சேர்த்து, ஒரு செகண்ட் ஹேண்ட் ஆபிஸ் லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திக்கொண்டு லேப்டாப்பைப் பாருங்கள். லேப்டாப்புக்குள்ளேயே யுபிஎஸ் இருக்கிறது, அது நம் ஊருக்குப் பெரிய விஷயம். வாங்கும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமைப் போட்டு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். ராமைப் போர்டோடு ஒட்டியிருந்தால் பிறகு கூட்ட முடியாது, அதையும் கேளுங்கள். கடைசியாக, ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட்டைத் தட்டி, விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டு, கடைக்காரருக்கும் அது தெரியவில்லை என்றால், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்க வேண்டாம்.