படகு எஞ்சினுக்கு எந்த பெட்ரோல், எவ்வளவு எத்தனால் வரை சரி?

ஆக்டேன் (பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். கையேட்டில் 91 என்றிருந்தால் 91 போதும். 95 ஊற்றினால் காசுதான் போகும், வேகம் அதிகமாகாது. (அமெரிக்கக் கையேட்டின் 87, வேறு அளவுகோலில் ஏறக்குறைய இதே 91தான்.)

எத்தனாலில்தான் கவனம் வேண்டும். பெரும்பாலான அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) எஞ்சின்களுக்கு 10 சதவீதமே உச்சவரம்பு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். படகு டேங்கிலோ காற்றுத் துவாரம் உண்டு, வாரக்கணக்கில் சும்மா நிற்கவும் செய்யும். சுமார் 0.5 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! அப்புறம் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமலிருக்கச் சேர்க்கும் திரவம்) ஊற்றிப் பயனில்லை, டேங்கைக் காலி செய்ய வேண்டியதுதான்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால், குறிப்பாகப் பழைய ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால், அதையே போடுங்கள். இல்லையென்றால் தண்ணீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டரை மாட்டிவிடுங்கள்.