உம்மாவை ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போகிற மகனுக்கு

கேள்வி: எழுபது வயதான என் தாயாரைக் கொழும்பிலிருந்து ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போக இருக்கிறேன். நாங்கள் இருவர் மட்டும்தான். அவருக்கு முழங்கால் வலி. என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்:

"நாங்கள் இருவர் மட்டும்தான்" என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். மற்றதெல்லாம் பிறகு. ஹஜ் நாட்களில் தங்குகிற கூடார ஊரான மினாவில் நீங்களும் உங்கள் உம்மாவும் ஒரே கூடாரத்தில் இருக்கப் போவதில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மக்காவிலும் குழுவோடு போனால் பெரும்பாலும் அப்படித்தான், நாலைந்து பெண்களுக்கு ஓர் அறை. இரவு இரண்டு மணிக்கு உம்மாவுக்குக் கக்கூசுக்குப் போக வேண்டும் என்றால் நீங்கள் எவ்வளவு பாசமான மகனாக இருந்தாலும் திரைக்கு அந்தப் பக்கம்தான் நிற்பீர்கள்.

அதனால் முதலில் ஒரு பெண்ணைப் பாருங்கள். மனைவி, தங்கை, சாச்சி, யாராவது. காசு இடம் கொடுக்காவிட்டால், அதே குழுவில் போகிற உடம்பில் தெம்புள்ள ஒரு ராத்தாவை (அக்காவை) இப்போதே அறிமுகமாக்கி, வாய்விட்டுக் கேட்டு, சம்மதம் வாங்கி வையுங்கள். "அங்கே போனால் யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று நம்பாதீர்கள். அங்கே எல்லாரும் அவரவர் ஹஜ்ஜைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வருகிறார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் உம்மாவை 2024இல் கூட்டிப் போனோம். உம்மாவுக்கு அப்போது 71. நானா (அண்ணன்), நான், உம்மா மூவரும். ஊரில் எல்லாரும் சொல்வது "மகன் உம்மாவை ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போனார்" என்று. சரி, சொல்லட்டும்.

நான் தெமட்டகொடையில் அபாயா தைக்கிறவள். உம்மாவை ஹஜ்ஜுக்கு அனுப்ப 2019இலிருந்தே சீட்டுப் போட்டுச் சேர்த்தோம். 2020இல் கொரோனா, 2021இல் சவூதிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். 2022இல் இலங்கைக்கு 1585 இடம் வந்தபோது நாட்டில் டொலரே இல்லை, இந்த முறை போவதில்லை என்று முகவர்களே சொல்லும் நிலைமை. ரூபாய் அப்படி விழுந்ததில், மூவருக்கென்று சேர்த்த காசு கடைசியில் ஒருவருக்கே பத்தும் பத்தாமலும் ஆனது. மிச்சத்துக்கு என் காப்பு நாலும், நானாவின் கடைக் காசும். நானா காசு போட்டார், அதை மறைக்க மாட்டேன். 2024இல் இலங்கைக்கு 3500 பேருக்கு இடம் கிடைத்தது, அதில் மூவர் நாங்கள், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மெனிஞ்ஜைட்டிஸ் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாளைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பிரஷர் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் டொக்டரின் கடிதத்தோடு, பாதியைக் கைப்பையிலும் பாதியைப் பெரிய பையிலும் வையுங்கள். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைப் பொடி) பக்கெட் ஐம்பதாவது கொண்டு போங்கள். மாசிச் சம்பல் கொண்டு போங்கள், மினாவில் மூன்றாம் நாள் சோற்றைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

மினாவில் இருப்பது பெரும்பாலும் குந்துகிற கக்கூஸ். ஹஜ் வகுப்பில் மௌலவி கஃபாவின் மாதிரியை வைத்து அருமையாகச் சொல்லித் தந்தார். ஆனால் முழங்கால் மடங்காத ஒரு கிழவி ஐந்து நாள் எங்கே உட்காருவாள் என்று ஆண்கள் யாரும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு மாடிப்படியில் வைத்து ஒரு மாமி என் காதில்தான் சொன்னார். மறுநாளே புறக்கோட்டைக்குப் போய் மடிக்கிற கொமட் கதிரை ஒன்று வாங்கினேன். மக்காவுக்கு நாங்கள் கொண்டு போனதிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான். எங்கள் கூடாரத்தில் ஆறு உம்மாமார் அதை முறை வைத்துப் பாவித்தார்கள்.

அடுத்து நடை. மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். எங்கள் உம்மாவை சுபஹுக்குப் பிறகு த்ரீவீலில் காலி முகத்திடலுக்குக் கூட்டிப் போய் நடக்க வைத்தேன். வாரத்துக்கு மூன்று நாள் என்று திட்டம், நடந்தது ஒன்று. காரணம் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட். ஐந்தாம் மாடி. மாதாமாதம் பராமரிப்புக் காசு கொடுக்கிறோம், ரசீதும் தருகிறார்கள், லிஃப்ட் மட்டும் ஏழு மாதமாகப் படுத்துக் கிடந்தது. போய்க் கேட்டால் "பார்ட்ஸ் வர வேண்டும்". வெள்ளையடிக்கக் காசு இருந்தது, வாசலில் புதுப் போர்ட் மாட்டக் காசு இருந்தது. எந்தக் குடியிருப்பு என்று சொல்ல மாட்டேன், அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். உம்மா ஒருமுறை இறங்கி ஏறினால் இரண்டு நாள் கால் வீங்கிவிடும். வழியனுப்ப வந்தவர்கள், மாப்புக் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஐந்து மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு "எங்களுக்கும் துஆச் செய்ங்க" என்றார்கள். லிஃப்டுக்கும் சேர்த்துத்தான் துஆச் செய்தேன்.

சரி, மினாவுக்கு வருகிறேன்.

போவதற்கு முன் நானாவோடு பேசி வைத்தது இதுதான்: சக்கர நாற்காலியை அவர் தள்ளுவார், நான் மருந்து, சாப்பாடு, மற்றதைப் பார்ப்பேன். மக்காவில் இறங்கிய முதல் வாரத்திலேயே அது மாறிவிட்டது. ஐந்து வேளையும் நானா ஹரமில், கஃபா இருக்கிற பள்ளியில். ஹரமில் ஒரு தொழுகைக்கு ஒரு இலட்சம் மடங்கு நன்மை என்று ஹதீஸ் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஹோட்டல் அறை வாசலில் வந்து நில்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? நானாவை ஏசுவதற்காக எழுதவில்லை. "ஹஜ் செய்தும் இவளுக்கு வாய் அடங்கவில்லை" என்று சிலர் எழுதுவீர்கள், தெரியும். ஹஜ்ஜில் தர்க்கம் கூடாது என்று குர்ஆனில் இருப்பதால் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை, நாற்பது நாளும் விழுங்கினேன். விழுங்கியது வயிற்றில் கிடக்காதே, அதுதான் இங்கே வருகிறது.

அரஃபா மைதானத்தில் நின்ற நாள் நன்றாகத்தான் போனது. அன்று இரவு தங்குகிற முஸ்தலிஃபாவில் உம்மாவுக்குப் பாயை விரித்தால் படுக்க மாட்டேன் என்றார், ஜம்ராத் தூண்களில் எறியக் கல் பொறுக்க வேண்டுமாம். ஹஜ் மாதத்தின் பன்னிரண்டாம் நாளோடு கிளம்பினால் ஆளுக்கு 49 கல், முதல் நாள் 7, பிறகு இரண்டு நாளும் 21, 21. உம்மா அறுபது வருஷம் வெற்றிலை போட்டவர். கட்டுநாயக்கவில் பிரச்சினை வரக் கூடாது என்று புறப்படுகிற அன்று காலையில் வெற்றிலைப் பையைத் தட்டிக் காலியாக்கினார், பையை மட்டும் விடவில்லை. அந்தப் பைக்குள்தான் கல்லை ஒவ்வொன்றாக டோர்ச் வெளிச்சத்தில் கடலை அளவா என்று பார்த்துப் போட்டார். எனக்கு 49, தனக்கு 49. பிறகு இன்னும் ஒரு பிடி எடுத்தார். யாருக்கு உம்மா என்றேன். "உன் நானா கணக்குப் பார்க்காம எடுத்திருப்பான்."

பத்தாம் நாள் காலையில் நானா ஆண்களோடு ஜம்ராவுக்குப் போனவர் "வந்து கூட்டிப் போறேன்" என்றார். மதியம் ளுஹர் ஆனது, பிற்பகல் அஸர் ஆனது. ஃபோன் எடுக்கவில்லை. கடைசியில் நான் பெண்களோடு போய் எனக்கு ஏழு எறிந்தேன். அது முடிந்த பிறகுதான் உம்மாவுக்காக ஏழு. இந்த வரிசையை ஞாபகம் வையுங்கள்: இயலாதவருக்காக எறிகிறவர் முதலில் தன்னுடையதை முடிக்க வேண்டும் என்பது எங்கள் மௌலவி சொன்னது. திரும்பி வந்து, ஹஜ் கடமைப்படி, கூடாரத்துக்குள் என் தையல் கத்தரியால் உம்மாவின் முடியில் விரல் நுனி அளவு வெட்டினேன். எலி வால் மாதிரி ஒரு வெள்ளைப் பின்னல். வெட்டும்போதும் கேட்டது "அவன் மொட்டை அடிச்சிட்டானாமா?"

இஷாவுக்குப் பிறகு நானா வந்தார். மொட்டை அடித்து, குளித்து, வெள்ளை ஜுப்பா போட்டு, அத்தர் மணக்க. எறிந்த கையோடு குழு மக்காவுக்குப் போனதாம், அவரும் போய், ஹஜ்ஜுக்குக் கட்டாயமாகக் கஃபாவை ஏழு முறை சுற்றுகிற தவாஃபுல் இஃபாளாவை முடித்துவிட்டாராம். கூடாரத்துத் திரைக்கு வெளியே நின்று "உம்மாவோடதை நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். நாளைக்கு அவருக்குக் காய்ச்சல். அது உண்மையான காய்ச்சல்தான், பொய் சொல்ல மாட்டேன். அந்த நாள்தான் ஹரம் பக்கம் 51.8 பாகை வெயில் பதிவானது. அந்த வருஷம் 1300க்கு மேல் ஹாஜிகள் மவுத்தானதாகச் சவூதி அரசாங்கமே பிறகு சொன்னது. அவர்களில் பெரும்பாலானவர்கள் அனுமதி இல்லாமல் வந்தவர்கள், கூடாரமும் பஸ்ஸும் இல்லாதவர்கள். யாராவது உங்களிடம் விசிட் விசாவில் மலிவாகக் கூட்டிப் போகிறேன் என்று வந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஹஜ் அனுமதி உள்ளவர்களுக்குத் தருகிற நுஸுக் அட்டை இல்லாமல் அங்கே ஒரு வாசலும் தாண்ட முடியாது.

பன்னிரண்டாம் நாள் மினாவிலிருந்து வந்து, அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் நானும் உம்மாவும் மட்டும் அந்தத் தவாஃபுக்குப் போனோம். கூலிக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், ஹஜ் நாட்களில் கேட்கிற விலைக்கு என்னிடம் காசு இல்லை. சக்கர நாற்காலியை மேல் தளத்துக்குத்தான் அனுப்பினார்கள். கீழே கஃபாவை ஒட்டிச் சுற்றுவதைப் போல இல்லை, ஒரு சுற்றே முடியாது போல நீளும். கூட்டத்தில் ஆண் கை பட்டால் வுளூ (கை கால் முகம் கழுவிய சுத்தம்) முறிகிற பிரச்சினை ஷாஃபிஈ மத்ஹபின் (சட்ட வழியின்) படி நடக்கிற நமக்கு உண்டு. அதற்குத் தவாஃபில் மட்டும் ஹனஃபி மத்ஹபை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மௌலவி முன்பே சொல்லித் தந்திருந்தார். உங்கள் உம்மாவுக்கும் போகும் முன்பே இதை விளக்குங்கள், நடுவில் விளக்க முடியாது.

நாலாம் சுற்றில் என் அபாயாவின் கரை முன் சில்லுக்குள் சிக்கிவிட்டது. பின்னால் வருகிறவர்கள் இடிக்கிறார்கள், நாற்காலி திரும்பிவிட்டது. குனிந்து இழுத்தேன், வரவில்லை. நானே தைத்த அபாயா, இரட்டைத் தையல், லேசில் கிழியாது. அன்று அதுதான் வினை. பல்லால் நூலைக் கடித்து, சுற்றி வர நாலு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டுத் தள்ளினேன். பிறகு ஸஃபா மர்வாவுக்கு இடையில் ஏழு நடை, அது மட்டும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். ஐந்தாம் நடையில் கால் என்னுடையது மாதிரி இல்லை. உம்மா கையேந்தி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் குனிந்தேன். "யா அல்லாஹ், அவன் காய்ச்சலோட தனியா எங்க ஈக்கிறானோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும்தான். தள்ளினேன்.

கட்டுநாயக்கவில் இறங்கியபோது வரவேற்க வந்த வேனில் பதினொரு பேர். நானாவைக் கட்டிப்பிடித்து "உம்மாவைச் சுமந்து ஹஜ் செய்ய வெச்சிட்டீங்க ஹாஜியார்" என்றார் ஒரு மச்சான். நானா என்னை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். இப்போது கடைப் போர்டிலும் பெயருக்கு முன்னால் ஹாஜியார் ஏறிவிட்டது, எனக்கு ஹாஜியானி என்று யாரும் போர்ட் போட வேண்டாம்.

நீங்கள் நானா மாதிரி ஆள் என்று சொல்லவில்லை. கேட்டு எழுதுகிறீர்களே, அதுவே நல்லது. ஆனால் வழியில் நிய்யத் மாறும். அங்கே போனால் எல்லாருக்கும் தன் தவாஃப், தன் முன் வரிசை என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆகவே எந்த நாள், எந்த நேரம், உம்மாவோடு யார் என்பதைக் கொழும்பிலேயே காகிதத்தில் எழுதிக் குழுவின் வழிகாட்டியிடமும் ஒரு பிரதி கொடுங்கள். மஹ்ரம் (கணவர் அல்லது மணக்கக் கூடாத நெருங்கிய ஆண் உறவு) இல்லாமல் பெண்கள் வரலாம் என்று சவூதி 2022இலேயே சொல்லிவிட்டது, நம்பகமான பெண்கள் கூட்டத்தோடு பர்ளான ஹஜ்ஜுக்குப் போகலாம் என்று நம் மத்ஹபிலும் இருக்கிறது. அதனால் உங்களுக்கு மஹ்ரம் உறவில்லாத ஒரு பெண் உம்மாவுக்குத் துணையாக வர விரும்பினாலும் வழி இருக்கிறது. இதில் கருத்துப் பேதம் உள்ளவர்கள் என்னோடு சண்டைக்கு வராமல் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

இன்னொன்று. சக்கர நாற்காலி வாங்கக் காசைக் கொட்டாதீர்கள். எங்களுடையது அப்படியே இருக்கிறது, அலுமினியம், லேசானது, முன் சில்லில் கொஞ்சம் கறுப்பு நூல் மட்டும் சுற்றியிருக்கிறது. கொமட் கதிரையும் இருக்கிறது. கொழும்புக்குள் என்றால் வந்து எடுத்துப் போங்கள், போய் வந்து திருப்பித் தந்தால் போதும். தூக்கி இறக்க இரண்டு பேராக வாருங்கள். லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது.