தலைக்கு மேல் போகும் விமானம்: செயலிக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: பல்லாவரத்தில் இருக்கிறோம். எட்டாவது படிக்கும் என் மகனுக்கு விமானம் என்றால் உயிர். மொட்டை மாடியில் ஃப்ளைட்ரேடார்24 செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே போவது எந்த விமானம், எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். இப்போது 'சில்வர்' சந்தா கேட்கிறான். கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவன் மாடியில் செய்யும் வேலைக்கு இலவசக் கணக்கே தாராளமாகப் போதும். விமான எண், ரகம், புறப்பட்ட ஊர், போகும் ஊர், உயரம், வேகம் எல்லாம் அதிலேயே வருகின்றன.

பணம் கட்டினால் முக்கியமாகக் கிடைப்பது பழைய பதிவுகள். இலவசத்தில் 7 நாள், சில்வரில் 90 நாள், அதற்கு மேலான 'கோல்டு' சந்தாவில் 365 நாள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். விளம்பரம் போய்விடும். கூட்டம் முண்டியடிக்கும் நாட்களில் முன்னுரிமையும் உண்டு. 2022 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்ற அவைத்தலைவர் நான்சி பெலோசி தைவானுக்குப் பறந்தபோது 29 லட்சம் பேர் அந்த விமானத்தைத் தொடர்ந்தார்கள். தளம் திணறியதால் இலவசப் பயனர்களைக் காத்திருக்க வைத்தார்கள், சந்தாதாரர்களை உள்ளே விட்டார்கள். அப்படி ஒரு நாள் எப்போதோதான் வரும். அதற்காக வருஷம் முழுவதும் பணம் கட்டத் தேவையில்லை.

மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: குறிப்பிட்ட ஒரு விமானம் போன மாதம் எங்கெல்லாம் போனது என்று தேடுகிறானா? ஆம் என்றால் சில்வர் அவனுக்குப் பயன்படும், ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் வண்டி நம்பர் போல ஒரு பதிவு எண் உண்டு. விடி (VT) என்று தொடங்கினால் இந்தியா, 4ஆர் என்றால் இலங்கை, 9வி என்றால் சிங்கப்பூர், ஏ6 என்றால் ஐக்கிய அரபு அமீரகம். அதைத் தேதியோடு எழுதி வரட்டும். பக்கத்தில் அன்றைய காற்றின் திசையையும் குறிக்கச் சொல்லுங்கள். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். கிழக்குக் காற்று வீசும் நாளில் மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு அனகாபுத்தூர் பக்கமிருந்து வரும், மேற்குக் காற்றென்றால் பரங்கிமலைப் பக்கமிருந்து. இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சந்தோஷம் எந்தச் சந்தாவிலும் கிடைக்காது. உங்கள் வீடு அதற்கு அருமையான இடத்தில் இருக்கிறது.

கேள்வி: தாம்பரத்தில் கண்ணெதிரே பறக்கும் சில விமானங்கள் செயலியில் வருவதே இல்லை. பணம் கட்டினால் தெரியுமா?

பதில்: தெரியாது. இந்தச் செயலிகளுக்கு விவரம் வருவது பெரும்பாலும் விமானத்திடமிருந்தேதான். பெரும்பாலான பயணிகள் விமானங்கள் தம் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை அறிவித்துக்கொண்டே போகின்றன. ஏடிஎஸ்-பி என்பது அதன் பெயர். தரையில் ஆர்வலர்கள் வைத்திருக்கும் சிறு ரிசீவர்கள் அதைப் பிடித்து இணையத்தில் அனுப்புகின்றன. விமானம் இடத்தைச் சொல்லாவிட்டாலும், மற்ற சிக்னல்களை நான்கு ரிசீவர்கள் சேர்ந்து பிடித்தால், வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிட முடியும்.

உங்கள் ஊரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ராணுவ விமானங்கள் இதை அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் என்ற இலவசத் தளம், உரிமையாளர்கள் கேட்டு மற்ற செயலிகளில் மறைக்கப்பட்ட விமானங்களையும் காட்டும். ஆனால் வாய் திறக்காத விமானத்தை யாராலும் காட்ட முடியாது.

கேள்வி: விமானம் பார்க்கும் செயலி ஒன்றில் ஏழு நாள் இலவச சோதனை எடுத்தேன். பிடிக்கவில்லை, செயலியை நீக்கிவிட்டேன். அப்புறமும் ஒரு வருடச் சந்தா கணக்கிலிருந்து போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கூகுள் பிளேயில் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் வரும். சோதனைக் காலம் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பணம் போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திரும்பக் கேட்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் செயலி நிறுவனத்துக்கு எழுதுங்கள். ரத்து செய்யும் வழியை மறைத்தோ சுற்றவிட்டோ வைத்திருந்தால் அது 'சந்தாப் பொறி'. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று. ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தயங்க வேண்டாம், உங்கள் பணம் அது.

கேள்வி: சொந்தமாக ரிசீவர் வைத்துத் தகவல் அனுப்பினால் ஃப்ளைட்ரேடார்24 பெரிய சந்தாவை இலவசமாகத் தருமாமே?

பதில்: உண்மைதான். தகவல் அனுப்புபவருக்கு 'பிசினஸ்' கணக்கு இலவசம், அதில் மூன்று வருடப் பதிவுகள் இருக்கும். ஃப்ளைட்அவேர் என்ற இன்னொரு விமானத் தளமும் இதேபோல் உயர்நிலைக் கணக்கு தருகிறது. யுஎஸ்பியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவர், ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி, ஒரு ஆன்டெனா, இவ்வளவுதான் தேவை. ஆன்டெனாவை மாடியில் தடையில்லாமல் நிறுத்துங்கள். உயரத்தில் போகும் விமானத்தை 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துகூடப் பிடிக்கும். சன்னலோரம் வைத்தால் வாங்கிய காசு வீண்.

ஆனால் வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். வயர்லெஸ் கருவிகளுக்கு 1933 முதலே நம் நாட்டில் உரிமச் சட்டம் இருந்து வந்திருக்கிறது, 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்தது. தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவுக்குச் சென்னையில் மண்டல அலுவலகம் உண்டு. அங்கே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். விமானிகளின் பேச்சைக் கேட்கும் ஸ்கேனரை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். 2010இல் தில்லி விமான நிலையம் அருகே ஓட்டலில் தங்கி விமானம் பார்த்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் இந்த விவகாரத்தில் கைதாகி, ஏறக்குறைய இரண்டு மாதம் ஊர் திரும்ப முடியாமல் தவித்தார்கள். கடைசியில் ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் கட்டிய பிறகே விடுபட்டார்கள்.

கேள்வி: விமானம் பார்க்க எந்த பைனாகுலர் நல்லது?

பதில்: 8×42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில், கையில் ஆடாமல் பிடிக்கலாம். இணையத்தில் '100 மடங்கு' என்று விற்பதை நம்பாதீர்கள், அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் கை நடுக்கத்தில் எதுவுமே தெரியாது. வந்ததும் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் ஒரு விமானத்தின் வால் எழுத்தைப் படித்துப் பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.