அடுக்ககத்தின் வெக்கையும் மின்கட்டணமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறோம். இரவு பத்து மணிக்கும் வெக்கை தணிவதில்லை. ஏசிதான் ஒரே வழியா? (மடிப்பாக்கம் வாசகி)

இல்லை. இன்றிரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு, முக்காலியில் ஏறிக் கூரையின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், அந்தச் சூட்டை மெல்ல மெல்ல உங்கள் அறைக்குள் இறக்குவது உள்ளங்கையில் தெரியும். ஆகவே வெயிலை மேற்பரப்பிலேயே தடுக்க வேண்டும். விரிசல்களை அடைத்த பின், கோடை தொடங்கும் முன்பே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் அவ்வப்போது கழுவுவதும் அவசியம். மேல்தளத்தாருக்குத்தானே நன்மை என்று மற்றவர்கள் செலவைப் பகிர மறுப்பதைப் பல வளாகங்களில் கேட்டிருக்கிறேன். அது நியாயமன்று, மொட்டை மாடி கட்டடம் முழுமைக்கும் கூரை.

எங்கள் அடுக்ககத்தின் பொதுப் பயன்பாட்டுக்குச் சூரிய மின்சாரம் அமைக்கலாமா? உறுப்பினர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. (தாம்பரம், சங்கச் செயலாளர்)

அமைக்கலாம். ஒரு கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகளுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அறிவித்தது; நடப்பு விதிகளை விண்ணப்பிக்கும் முன் சரிபாருங்கள்.

ஆனால் விலைப்புள்ளி கேட்பதற்கு முன், ஒரு வாரம் பொது மீட்டரை நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்து, மோட்டார் ஓடிய நேரத்தையும் பக்கத்தில் எழுதி, மின்தூக்கி அருகே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். நான் ஆலோசனை சொன்ன ஒரு வளாகத்தில், மேல்தொட்டி நிரம்பி வழிந்த பின்னும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது அப்படித்தான் தெரியவந்தது. தானியங்கி மிதவை சுவிட்சுக்கு அடுத்த கூட்டத்தில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. கணக்கைத் தாங்களே பார்த்தவர்கள்தாம் பெரிய செலவுக்கும் மனமுவந்து கையெழுத்திடுகிறார்கள். மின்கட்டணத்தில் பங்கு செலுத்தும் வாடகைதாரர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? (மதுரை வாசகர்)

போகும்போது எடுத்துச் செல்லக்கூடியவற்றில் செலவிடுங்கள். 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் சுழலும் மோட்டார் கொண்ட) விசிறி மாட்டி, நாளுக்கு 12 மணி நேரம் ஓடவிட்டால், இரண்டு மாதக் கட்டணத்தில் ஒரு விசிறிக்கே சுமார் 32 யூனிட் குறையும். மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டியை வெளிப்புறம் கட்டுங்கள். கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயிலை உள்ளே தொங்கும் துணித்திரையால் பெரிதாகத் தடுக்க இயலாது.