தென் அமெரிக்காவில் தனியாக ஒரு வருடம்: கேள்வி பதில்

வேலையை விட்டுவிட்டோ சம்பளமில்லா விடுப்பு வாங்கிக்கொண்டோ தென் அமெரிக்காவை முதுகுப்பையோடு சுற்றிவர நினைக்கும் பெங்களூர்த் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கொலம்பியாவில் தொடங்கி கண்டத்தின் தென்கோடியில் இருக்கும் பட்டகோனியா வரை பெரும்பாலும் பஸ்ஸிலேயே போய்வந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வருமான வரிக் கேள்விகளை உங்கள் ஆடிட்டரிடம் கொண்டுபோங்கள்.

மாரத்தஹள்ளி: அக்கா, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? வரைபடத்தைப் பார்த்தால் மேலிருந்து கீழே வருவது சுலபம்போல் தெரிகிறது.

வரைபடம் அப்புறம். முதலில் பாஸ்போர்ட், அடுத்தது பருவம்.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) இவற்றில் ஏதாவது ஒரு விசா குறைந்தது ஆறு மாதச் செல்லுபடியோடு கையில் இருந்தால் பெருவுக்குத் தனி விசா வேண்டாம். 2017 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. பிரேசிலில் இந்தச் சலுகை கிடையாது, விசா எடுத்தே ஆக வேண்டும். மற்ற நாடுகளின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அந்தந்தத் தூதரகத்தின் தளத்தை நீங்களே பார்த்த பிறகுதான் டிக்கெட்டில் கை வைக்க வேண்டும். ஆபீஸ் வேலைக்காக எடுத்த அமெரிக்க விசா இருந்தால் அது முடியும் தேதியைப் பாருங்கள். உங்கள் வழித்தடத்தில் பாதியை அந்தத் தேதியே தீர்மானித்துவிடும். இன்னொன்று, இந்தியாவிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிடாதீர்கள். அங்கே விமானம் மாறுவதற்கே விசா கேட்பார்கள்.

பருவம்: பெரு, பொலிவியா மலைப்பகுதிகளில் மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், நடக்க ஏற்றது. பட்டகோனியாவுக்கு நவம்பரிலிருந்து மார்ச். அதனால் மார்ச் வாக்கில் கொலம்பியாவில் இறங்கி, மே மாதம் பெரு, அப்புறம் பொலிவியா, வருடக் கடைசியில் தெற்கு என்று வைத்துக்கொண்டால் வானிலை உங்கள் கூடவே வரும். பொலிவியாவின் ஊயுனி உப்புவெளியில் வானம் கண்ணாடி மாதிரி தரையில் தெரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஜனவரி முதல் மார்ச் வரையிலான மழைத் தண்ணீரில்தான் கிடைக்கும். ஜூலையில் போனால் வெள்ளை உப்புத் தரை மட்டுமே. எனக்கு அதுவும் பிடித்தது.

மத்திய அமெரிக்காவிலிருந்து பஸ்ஸிலேயே கொலம்பியா வரலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே டேரியன் காட்டில் சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை. விமானம் ஏறுங்கள்.

ராமமூர்த்தி நகர்: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

ஆமாம். போகிற நாடு கேட்கிறதோ இல்லையோ, திரும்பி வரும்போது நம் நாடு கேட்கும். பிரேசில், பெரு, பொலிவியா, கொலம்பியா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும், 2016 முதல் அப்படித்தான். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். தெருமுனை கிளினிக்கில் கிடைக்காது. முட்டை ஒவ்வாமை இருப்பவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் டாக்டரிடம் முதலில் பேசுங்கள்.

பானஸ்வாடி: வாராவாரம் நந்தி மலைக்கு சைக்கிளில் ஏறுகிறேன். பெருவின் மலை நகரமான கூஸ்கோவில் உயரப் பிரச்சினை எனக்கு வராதுதானே?

தம்பி, சைக்கிள் மிதிக்கும் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நந்தி மலை உச்சி 1,478 மீட்டர். கூஸ்கோ சுமார் 3,400. பொலிவியாவின் லா பாஸ் விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் குறையும். உடம்பு அதற்குப் பழகச் சில நாள் வேண்டும், அதைப் பயிற்சியால் சுருக்க முடியாது. சொல்லப்போனால், நல்ல உடற்கட்டு உள்ளவர்கள்தான் முதல் நாளே வேகமாக ஏறிப்போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

கூஸ்கோ விடுதியில் ஒரு பையனைப் பார்த்தேன். கடல்மட்டத்தில் இருக்கும் லீமாவிலிருந்து அன்று காலை விமானத்தில் வந்தவன், மாரத்தான் ஓடுகிறவன். ஒரு மாடி ஏறிவிட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி, ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிய முடியாமல் நின்றான். உதடு வெளுத்திருந்தது. விடுதிக்காரம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் நாற்காலியை அவன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். தினமும் பார்க்கிறவர் என்று அதிலேயே தெரிந்தது.

என்ன செய்யலாம்? பஸ்ஸில் போங்கள், இடையில் அரேகிப்பாவில் தங்குங்கள். அது சுமார் 2,300 மீட்டர். விமானத்தில்தான் கூஸ்கோ போக வேண்டும் என்றால், இறங்கிய கையோடு கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் ஒய்யாந்தாய்த்தம்போ போய்விடுங்கள். இன்காக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், கூஸ்கோவைவிடத் தாழ்வு. அதனால் அதை முதலில் பார்ப்பதே நல்லது. 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். டயமாக்ஸ் மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம், டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். தலைவலி வந்தால் அங்கேயே நில்லுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரி ஆனாலும் உடனே கீழே இறங்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: ராஜினாமா செய்வதா, நீண்ட விடுப்பு கேட்பதா?

கேட்டுப் பாருங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ராஜினாமா என்றால் மூன்று மாத நோட்டீஸ் காலத்தைக் கணக்கில் சேர்த்து ஊசி, விசா தேதிகளைப் போடுங்கள். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், அதற்கு முன்பே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம். ஐந்து வருடம் முடியும் முன் எடுத்தால் வரியும் கட்ட வேண்டியிருக்கும். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் அட்வான்ஸைக் கையில் வாங்கிய பிறகே விமானம் ஏறுங்கள். பொலிவியாவிலிருந்து வீட்டு ஓனரிடம் பேசிப் பணம் வாங்க முடியாது.

கம்மனஹள்ளி: விசாவுக்கு ரிட்டர்ன் டிக்கெட் கேட்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு டம்மி டிக்கெட் போட்டுத் தருகிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம்.

கே.ஆர். புரம்: அக்கா, நான் டம்மியில்தான் போய்வந்தேன், யாரும் பார்க்கவே இல்லை. வருடம் முழுக்கச் சுற்றுகிறவனுக்கு எந்தத் தேதியில் கிளம்புவோம் என்று எப்படித் தெரியும்? விதியே நியாயமில்லாதது.

விதி நம்மைப் போன்றவர்களுக்காக எழுதப்படவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய பாஸ்போர்ட்காரர் பெரும்பாலும் விசாவே எடுக்காமல் சுற்றும்போது நம்மிடம் மட்டும் ஒவ்வொரு இரவுக்கும் கணக்குக் கேட்பது எனக்கும் கசக்கத்தான் செய்தது. ஆனால் விசா விண்ணப்பத்தின் அடியில், இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுகிறோம். அதோடு போலி டிக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்து அது பிடிபட்டால் ஒரு நாட்டு விசா மறுக்கப்படுவதோடு முடியாது. இதற்கு முன் எங்காவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி அப்புறம் நீங்கள் நிரப்பும் படிவங்களில் வந்துகொண்டே இருக்கும். ஒரு வருடப் பயணத்தில் அடுத்தடுத்து விசா எடுக்க வேண்டியவர் முதல் நாட்டிலேயே இதைச் செய்யலாமா? உங்களைப் பார்க்கவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். அதைப் பிறருக்கு ஆலோசனையாகச் சொல்லாதீர்கள்.

விவேக் நகர்: நான் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன் மேடம். ஏர்லைன்ஸில் நிஜமாகவே இடம் பிடித்து, பணம் கட்டாமல் சில நாள் நிறுத்திவைப்பது போலி ஆகாது. எல்லாவற்றையும் டம்மி என்று ஒரே பையில் போடுகிறீர்கள்.

நியாயமான திருத்தம் சார். ஏர்லைன்ஸ் தளத்தில் எண்ணைப் போட்டால் பெயர் வரும் முன்பதிவு வேறு, கம்ப்யூட்டரில் பெயரை மாற்றி அச்சடித்த காகிதம் வேறு. டிக்கெட்டாக இல்லாமல் முன்பதிவு மட்டும் போதும் என்று தூதரகமே சொல்லியிருந்தால் முதல் வகையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அது சில நாளில் தானாக ரத்தாகிவிடும். தேவனஹள்ளியில் செக்-இன் கவுன்டரில் திரும்பும் டிக்கெட்டைக் கேட்கும்போது அதைக் காட்ட முடியாது. அங்கே கேட்பது கவுன்டர்க்காரரின் விருப்பத்தால் இல்லை. உள்ளே விடாத பயணியை ஏர்லைன்ஸ்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அதனால்தான் கேட்கிறார்கள்.

கே.ஆர். புரம்: அப்போ பணம் உள்ளவன்தான் போக முடியுமா?

இல்லை தம்பி. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டை எடுத்து, உள்ளே நுழைந்த பிறகு ரத்து செய்யலாம். பணம் சில வாரம் முடங்கும், போய்விடாது. அதுவும் கஷ்டம் என்றால் அந்த நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்கு மலிவான பஸ் டிக்கெட் நிஜமாகவே வாங்குங்கள். நாட்டை விட்டு வெளியேறும் டிக்கெட்தான் வேண்டும் என்கிற இடங்களில் அது செல்லும். செல்லுமா என்று தூதரகத்துக்கு மெயில் போட்டு, வந்த பதிலை அச்சடித்துப் பையில் வையுங்கள். தங்குமிடத்துக்கு இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகள் இருக்கின்றன. இவ்வளவு வழி இருக்கும்போது பொய்க் காகிதம் எதற்கு? எனக்கு முக்கியமாகப் படுவது, நமக்குப் பின்னால் வரும் இந்தியர்களை அந்த எல்லைகளில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் இதில் இருக்கிறது.

அல்சூர்: ஹெபடைட்டிஸ் ஊசி போட்டாயிற்று. மஞ்சள் காய்ச்சலுக்கு அது போதாதா?

போதாது. அது காமாலைக்கு. இது கொசுவால் வரும் வேறு நோய், வேறு ஊசி. மேலே எழுதியதைப் படியுங்கள்.

ஸ்ரீராமபுரம்: நான் சுத்த சைவம். ஒரு வருடம் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும், நன்றாகவே சாப்பிடலாம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். சூப்பும் சாதமும் சைவமாகத் தெரிந்தாலும் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம், கேளுங்கள். சந்தைக்குப் போனால் கவலையே இல்லை: விதவிதமான உருளைக்கிழங்கு, பெரிய மணிச் சோளம், கீன்வா, அவரை வகைகள், வெண்ணெய்ப்பழம், கொலம்பியாவில் சோளமாவு அரேப்பா.

காரத்துக்கு ஏங்குகிறவர்கள் பொலிவியாவில் ல்யாஹ்வா கேளுங்கள். தக்காளியையும் லொகோத்தோ என்ற தடித்த மிளகாயையும் பச்சையாகக் கல்லில் அரைப்பது. நம் அம்மி மாதிரி அகலமான கல், மேலே குழவிக்குப் பதில் பிறை வடிவக் கல். அதை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். அரைபடும்போதே மூக்கில் ஏறும். வேகவைத்த உருளைக்கிழங்கோடு இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

அம்மா கட்டிக்கொடுக்கும் பருப்புப்பொடி பற்றி: சிலி எல்லையில் விதை, பழம், தேன், பால் பொருட்களுக்குக் கடும் சோதனை. பையில் தின்பண்டம் எது இருந்தாலும் படிவத்தில் ‘இருக்கிறது’ என்றே எழுதிக்கொடுங்கள். எழுதினால் அதிகபட்சம் பிடுங்கிக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம்.

ஒயிட்ஃபீல்ட்: கார்டு, சிம்?

இரண்டு வேறு வங்கியின் கார்டு, இரண்டு வேறு இடத்தில். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும். ஓ.டி.பி. வரும் இந்திய எண்ணை உயிரோடு வைத்திருங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண் போய்விடக்கூடும். டாலர் நோட்டு கிழியாததாக, கறையில்லாததாக இருக்கட்டும். சின்னக் கிழிசல் இருந்தாலும் வாங்கமாட்டார்கள்.

ஜெயநகர்: அம்மா, என் மகள் தனியாகப் போகிறேன் என்கிறாள். பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?

உங்கள் பயம் புரிகிறது ஐயா. நான் போனபோது என் அப்பாவும் இதையேதான் கேட்டார். அங்கே தனியாகச் சுற்றும் பெண்கள் நிறையப் பேர், விடுதிகளில் முதல் நாளே துணை கிடைக்கும். மகளோடு உட்கார்ந்து இவற்றைப் பேசிக்கொள்ளுங்கள்: புதிய ஊருக்குப் பகலில் போய்ச் சேர்வது, ராத்திரியில் தெருவில் கைகாட்டி டாக்ஸி நிறுத்தாமல் ஆப்பிலோ விடுதி மூலமோ அழைப்பது, பஸ்ஸில் பையைக் காலடியில் போடாமல் மடியில் வைப்பது, தெருவில் நின்று போனைப் பார்க்காமல் கடைக்குள் போய்ப் பார்ப்பது, முன்பின் தெரியாதவர் கொடுக்கும் எதையும் குடிக்காதது. யாராவது சட்டையில் சாஸ் கொட்டிவிட்டு இன்னொருவர் துடைக்க வந்தால், நிற்காமல் நடக்க வேண்டும். துடைக்கிற கைதான் பர்ஸை எடுக்கும். இதெல்லாம் ஆண்களுக்கும்தான்.

சர்ஜாபூர் சாலை: ஊசி போடாமல் ஏர்போர்ட்டில் சமாளிக்க...

முடியாது. தயவுசெய்து ஊசி பற்றி இனி யாரும் கேட்காதீர்கள், போட்டுவிட்டு வாருங்கள்.

ஹெப்பால்: உயரத்துக்கு நல்லது என்று கோகா இலைத் தேநீர் குடிக்கிறார்களாமே. வரும்போது நண்பர்களுக்கு இரண்டு பாக்கெட் வாங்கி வரலாமா?

பெருவிலும் பொலிவியாவிலும் அது சட்டப்படி சாதாரண பானம், அங்கே குடியுங்கள். ஒரு பொட்டலம்கூடப் பையில் வரக்கூடாது. நம் 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கோகா இலை பெயரோடு இருக்கிறது. பரிசு, நினைவுப்பொருள் என்ற பேச்செல்லாம் எடுபடாது. கிளம்பும் முன் சட்டைப் பைகளைக்கூட உதறிப் பாருங்கள்.

ஹொசூர் சாலை: பிப்ரவரியில் போகிறேன். மச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் இன்கா பாதைக்கு அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ளலாமா?

பிப்ரவரி முழுக்கப் பாதை மூடியிருக்கும். மற்ற மாதங்களிலும் வழிகாட்டிகள், சுமைதூக்கிகள் உட்பட ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, பாஸ்போர்ட் எண்ணோடு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சல்கந்தாய் பாதைக்கு அந்த அனுமதி வேண்டாம். ஆனால் அதன் கணவாய் சுமார் 4,600 மீட்டர், பிப்ரவரி மழையில் மண் சரியும். பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.